தெள்ளும் சுவாத்தியமும் கொள்ளை நோயும்

பம்பாய்த் துறைமுகத்தை அடுத்து மாண்ட்வி என்றொரு பகுதி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், தானியக் கிட்டங்கிகளும், அவற்றை ஒட்டி நெருங்கிக் கட்டப்பட்ட பல மாடி வீடுகளும் நிறைந்த இடமாக அது விளங்கியது. காற்றும் ஒளியும் புகாத அறைகளிலே, ஓர் அறைக்கு ஒரு குடும்பம் அல்லது இரண்டு குடும்பம் என்று தொழிலாளர் வாழ்ந்து வந்தனர். 1896ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், வியேகாஸ் என்னும் வைத்தியர் அங்கே விநோதமான நோயாளர் சிலரைக் கண்டார். கடுங் காய்ச்சல், தொடையிடுக்கிலும் கமக்கட்டிலும் நெறி கட்டிய பெருவீக்கம், சில நாள்களுக்குள் மரணம். பிளேக் என்னும் கொள்ளை நோய் பம்பாய்க்கு வந்துவிட்டது என்று அவர் அறிவித்தார். அதற்கு முன்னரே அப்பகுதிக் கிட்டங்கிகளில் எலிகள் கூட்டங் கூட்டமாகச் செத்து விழுந்தன. ஆனால் செத்த எலியைக் குப்பையில் எறிந்தவர்களுள் எவரும் அது தமக்கு விடுக்கப்பட்ட எச்சரிக்கை என்று எண்ணவில்லை.

அன்று தொடங்கிய நோய் முப்பது ஆண்டுகளுக்குள் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. 1907ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 13 இலட்சம் பேர் மாண்டனர். பஞ்சாப் மாகாணம் எல்லாவற்றினும் அதிகமாக வருந்தியது. இவ்வளவு பெரிய அழிவினூடே ஒரு விசித்திரம் வைத்தியர்களின் கருத்தைக் கவர்ந்தது. நோய் ஆண்டு முழுவதும் ஒரே சீராக நிற்கவில்லை. பஞ்சாபிலே குளிர் தணியும் மாசி, பங்குனி மாதங்களில் அது பொங்கி எழும். சித்திரை கழிந்து அனற்காற்று வீசத் தொடங்கியதும், ஏதோ கட்டளைக்குப் பணிந்தது போல அடங்கிவிடும். பம்பாயிலும் மார்கழி, தை முதற் பெருகிப் பங்குனியில் உச்சமுற்று, கோடையின் கடுமையோடு குறைந்துவிடும். மழைக்காலம் கழிந்த பின் மீண்டும் தலைகாட்டும். மனிதனுடைய உடல் கோடையில் ஒன்றும் வேனிலில் ஒன்றுமாக மாறுவதில்லை. அவ்வாறாயின் மாறுவது யாது? சூழ்நிலைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு பற்றிய ஆராய்ச்சி முழுவதும் இந்த ஒரு வினாவிலிருந்தே கிளைத்தது எனலாம்.

தொடக்கத்திற் கூறப்பட்ட விடைகள் பல. நிலத்திலிருந்து எழும் நச்சுக் காற்றே காரணம் என்றனர் சிலர். தெய்வ கோபம் என்றனர் சிலர். ஏழைகளின் அசுத்தமே காரணம் என்று அதிகாரிகளுட் பலர் நம்பினர். 1894ஆம் ஆண்டு ஹொங்கொங் நகரிலே அலெக்சாந்தர் எர்சின் என்னும் அறிஞர் நோய்க் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். ஆனால் அக்கிருமி ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு எவ்வாறு செல்கிறது என்பது எவருக்கும் விளங்கவில்லை. விளங்காத நிலையிலே கையாண்ட முறைகள் கொடுமையாக அமைந்தன. வீடுகளுக்குள் படைவீரர் புகுந்து சோதித்தனர். நோயாளரும், நோயுண்டெனச் சந்தேகிக்கப்பட்டோரும் உறவினரிடமிருந்து பிரித்துக் கொண்டு செல்லப்பட்டனர். துணிமணிகளும் படுக்கைகளும் தீயிலிடப்பட்டன, சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசப்பட்டது, கூரைகள் பிரிக்கப்பட்டன. பூனா நகரிலே மக்களின் மனக்கொதிப்பு முற்றி, 1897ஆம் ஆண்டு யூன் மாதம் 22ஆம் திகதி, பிளேக் ஒழிப்புக்குப் பொறுப்பாயிருந்த ராண்ட் என்னும் ஆங்கில அதிகாரி சுடப்பட்டார். பின்னர் உயிர் துறந்தார். இத்தனைக்கும் நோய் அடங்கவில்லை. அஞ்சி ஓடிய மக்கள் தங்கள் படுக்கை மூட்டைகளோடு நோயின் தூதுவனையும் சுமந்து சென்றனர்.

அந்தத் தூதுவனை முதலில் அடையாளங் கண்டவர் போல் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு வைத்தியர். நோயாளர் சிலருடைய கால்களிலே சிறு கொப்புளங்கள் இருப்பதை அவர் அவதானித்தார். பூச்சி ஒன்று கடித்த வடு அதுவாகலாம் என்று ஐயுற்றார். 1898ஆம் ஆண்டு யூன் மாதம் 2ஆம் திகதி, கராச்சி நகரில் விடுதி அறையொன்றில், மிக எளிய பரிசோதனை ஒன்றைச் செய்தார். பெரிய கண்ணாடிச் சாடியின் அடியிலே, தெள்ளுகளுடன் கூடிய நோயுற்ற எலியொன்றை விட்டார். அதே சாடிக்குள், கம்பிக் கூட்டில், நலமுள்ள எலியொன்றைத் தொங்கவிட்டார். ஒன்றையொன்று தீண்ட இயலாது. தெள்ளு மட்டும் தாவிச் செல்லலாம். அடியிலிருந்த எலி இறந்தது. சில நாள்களில் கூட்டிலிருந்த எலியும் நெறி வீங்கி இறந்தது. தெள்ளு இல்லாத நோயெலியோடு வைத்த மற்றோர் எலிக்கு யாதொரு தீங்கும் நேரவில்லை. நோயைக் கொண்டு செல்வது எலித்தெள்ளே என்பது சிமோனின் முடிவு.

அறிஞர் உலகம் அதனை உடனே ஏற்கவில்லை. ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிந்த பின்னரே, இந்தியாவில் நியமிக்கப்பட்ட பிளேக் ஆராய்ச்சிக் குழு அவர் கூற்று மெய்யென நிறுவியது. நோய் கண்ட வீடுகளில் அக்குழுவினர் கினிப்பன்றிகளைக் கூட்டிலிட்டு வைத்தனர். கூட்டைச் சுற்றிப் பூச்சி ஒட்டும் பசைத் தாளை அகலமாக விரித்தவிடத்து விலங்கு பிழைத்தது, விரியாதவிடத்து நோயுற்றது. காற்று இரு கூடுகளுக்கும் ஒன்றே, வீடும் ஒன்றே. இடையில் நின்ற வேறுபாடு தெள்ளு தாவும் சிறு தூரம் மட்டுமே.

பிளேக் முதன்மையாக எலியின் நோய் என்பதும் இதனால் தெளிவாயிற்று. எலி உயிரோடு இருக்கும்வரை தெள்ளு அதன் வெதுவெதுப்பான உடலை விட்டு நீங்க விரும்புவதில்லை. எலி இறந்து உடல் குளிர்ந்ததும் வேறோர் உடலைத் தேடும். அருகில் எலி இருந்தால் எலி. எலிகள் யாவும் மாண்டுவிட்டால் மனிதன். ஆகவே மாந்தருக்கு வரும் நோய், எலிக் குலத்தில் நடந்து முடிந்த ஓர் அழிவின் பின்விளைவாகும்.

இனி, வேனிலும் கோடையும் இதில் எவ்வாறு தலையிடுகின்றன என்பதை அறிய வேண்டுமாயின், தெள்ளின் பிறப்பு வளர்ப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். தெள்ளு இடும் முட்டைகள் எலியின் உரோமத்தில் ஒட்டி நிற்பதில்லை. வளையிலும், தரைப் புழுதியிலும், சாக்குகளின் இடுக்கிலும் உதிர்ந்துவிடும். அவற்றிலிருந்து வெளிவருவன காலற்ற, வெண்ணிறமான நுண் புழுக்கள். தூசிலுள்ள அழுக்கையும், தாய்த் தெள்ளுகள் கழித்த உலர்ந்த குருதியையும் உண்டு அவை வளரும். பின்னர்ப் பட்டு நூலாற் கூடு கட்டி, அதன்மேல் புழுதியைப் போர்த்துக்கொண்டு உறங்கும். நிலத்தின் அதிர்வோ, அருகில் வரும் உயிரின் வெப்பமோ தட்டியெழுப்பும்வரை, கூட்டினுள்ளே வாரக்கணக்கில் காத்திருக்கவும் வல்லது அது. நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து உள்ளே சென்றவரைத் தெள்ளுகள் ஒருங்கே மொய்ப்பதன் இரகசியம் இதுவே.

இந்தப் புழுப் பருவமே தெள்ளின் வாழ்விலே மிகவும் வலுவற்ற பருவம். தன் உடலின் ஈரத்தைக் காக்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. காற்றில் ஈரப்பதன் குன்றினால் அது வற்றி இறந்துவிடும். மிதமான வெப்பமும் போதிய ஈரமும் இருந்தால் சில வாரங்களுக்குள்ளே முட்டை தெள்ளாகிவிடும். வளர்ந்த தெள்ளுக்கும் வறட்சி பகையே. தன் எலியை இழந்து பட்டினி கிடக்கும் தெள்ளு, குளிர்ந்த ஈரமான காற்றில் பல நாள்கள் உயிர் தாங்கி நிற்கும். வெப்பமும் வறட்சியும் கூடிய காற்றில் விரைவில் மடியும். பஞ்சாபின் அனற்காற்று செய்த வேலை இதுதான். எலிக்கும் மனிதனுக்கும் இடையே செல்லும் தூதுவனை அது வழியிலேயே மாய்த்துவிட்டது.

வெப்பம் செய்யும் வேலை இன்னொன்றும் உண்டு. அது தெள்ளின் வயிற்றுக்குள்ளே நடப்பது. 1914ஆம் ஆண்டு பேக்கொற், மாற்றின் என்னும் இரு ஆங்கில அறிஞர்கள் அதனை வெளியிட்டனர். நோயெலியின் குருதியைப் பருகிய தெள்ளின் இரைப்பை வாயிலிலே கிருமிகள் பல்கிப் பெருகி, ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, அடைப்பாக நின்றுவிடுகின்றன. அதன்பின் தெள்ளு எவ்வளவு குருதி உறிஞ்சினும் வயிற்றுக்குச் செல்வதில்லை. பசியால் துடிக்கும் அது மீண்டும் மீண்டும் கடிக்கிறது. ஒவ்வொரு கடியிலும், உறிஞ்சிய குருதி அடைப்பில் மோதி, கிருமிகளோடு கடிவாய்க்கே திரும்புகிறது. வயிறு நிறைந்த தெள்ளினும் பசித்த தெள்ளே கொடியது என்பது இதனாற் புலனாகும். வெப்பநிலை ஏறத்தாழ 27, 28 பாகை செல்சியசுக்கு மேற்படும்போது இந்த அடைப்பு எளிதில் உருவாவதில்லை. உருவானாலும் கரைந்து போகக் கூடும். அடைப்பு உண்டாகும் முன்னரே தெள்ளுகள் ஓரளவு நோயைக் கடத்தக் கூடும் என்று அண்மைக்கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. எனினும் வெப்பம் மிகும்போது பிளேக்கின் வேகம் தணிவதற்கு அடைப்பின் கதை ஒரு முக்கியமான விளக்கமாகவே நிற்கின்றது.

இவ்வாறு, காற்றின் வெம்மையும் ஈரமும் மூன்று வாயில்களில் நின்று இந்நோயை ஆளுகின்றன. புழு பிழைக்குமா என்பது முதல் வாயில். பசித்த தெள்ளு எத்தனை நாள் வாழும் என்பது இரண்டாவது. அதன் வயிற்றில் அடைப்பு நிலைக்குமா என்பது மூன்றாவது. மூன்றும் ஒருங்கே திறந்திருக்கும் மாதங்களே நோய் பெருகும் மாதங்கள்.

சுவாத்தியம் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று இதனாற் கொள்ளலாகாது. இதற்கு இலங்கையின் கதையே நல்ல சான்று.

1914ஆம் ஆண்டு தொடக்கத்தில் கொழும்பு மாநகரில் பிளேக் தோன்றியது. இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் அரிசி மூடைகள் கப்பல் கப்பலாக வந்திறங்கிய காலம் அது. அவ்விரு நாடுகளிலும் நோய் பரவியிருந்தது. மாநகர நுண்ணுயிரியல் அறிஞராயிருந்த பேபியன் ஹேர்ஸ்ற் என்பவர், கொழும்பு எலிகளின் தெள்ளுகளைச் சேகரித்து நுணுகி ஆராய்ந்தார். பம்பாயிலே நோயைப் பரப்பிய தெள்ளினம் சியோப்பிஸ் எனப்படும். எகிப்தியப் பிரமிட்டைக் கட்டிய மன்னன் பெயரால் வழங்குவது அது. கொழும்பிற் பெரும்பாலும் காணப்பட்டதோ, தோற்றத்தில் அதனைப் பெரிதும் ஒத்த, ஆயினும் வேறான, அஸ்தியா என்னும் இனம். அஸ்தியா நோயைக் கடத்துவதில் திறமை குன்றியது. சென்னை நகரிலும் அதுவே மிகுந்திருந்தது. நோய் பன்முறை புகுந்தும் சென்னையும் கொழும்பும் பம்பாயைப் போல அழியாது தப்பியதன் காரணம் இத்தெள்ளின வேறுபாடே என்று ஹேர்ஸ்ற் எடுத்துரைத்தார். கொழும்பின் சராசரி வெப்பநிலை 27 பாகையை ஒட்டி நிற்பதும் நோயின் வலிமையை மட்டுப்படுத்த உதவியது.

சியோப்பிஸ் கொழும்பில் அறவே இல்லாதிருக்கவுமில்லை. துறைமுகத்தை அடுத்த தானிய வாணிகப் பகுதியிலே அது குடிகொண்டிருந்தது. எலியின் துணையின்றியே, மூடைகளின் தூசுக்குள் முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் கடல் கடந்து வரக்கூடிய பிராணி அது. பிரயாணிகளைத் தடுத்து வைத்துச் சோதிக்கும் ஏற்பாடுகள் அக்காலத்திற் செம்மையாகவே நடைபெற்றன. அரிசி மூடையைச் சோதிப்பது அத்துணை எளிதன்று. கொழும்பில் நோய் நிலைத்து நின்ற இடமும் அந்தக் கிட்டங்கிப் பகுதியே. ஓர் ஊரின் சுவாத்தியம் வீதிக்கு வீதி வேறுபடுவதில்லை. கிட்டங்கி உள்ள வீதியிலே நோய் நின்றது. இல்லாத வீதியிலே நில்லாது மறைந்தது. 1938ஆம் ஆண்டுக்குப் பின் இலங்கையில் பிளேக் நோயாளர் எவரும் காணப்படவில்லை.

சென்னை தப்பிய அதே காலத்தில், தமிழகத்தின் மதுரைப் பக்கத்திலே கம்பம் பள்ளத்தாக்கு ஆண்டுக்காண்டு பிளேக்கினால் வருந்தியது. மேற்குத் தொடர்ச்சி மலைகள் சூழ்ந்த அப்பள்ளத்தாக்கின் மிதமான சுவாத்தியம் சியோப்பிஸ் தெள்ளுக்கு ஏற்றதாயிருந்தது. தானிய வளமும் வாணிகமும் எலிக்கு உணவளித்தன. ஊர் விட்டு ஊர் மாறி நோய் அங்கே நெடுங்காலம் உறைந்து நின்றது. கடலோரத்துச் சமவெளி ஒரு கதை கூற, அதிலிருந்து அதிக தூரமில்லாத பள்ளத்தாக்கு வேறொரு கதை கூறியது.

மடகாஸ்கர்த் தீவும் இதே பாடத்தைப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுகிறது. 1898ஆம் ஆண்டு அங்கே கடற்கரைத் துறைமுகம் ஒன்றில் நோய் இறங்கியது. 1921இல் மேட்டு நிலத்துத் தலைநகரை அடைந்தது. கரையோரத்தில் அது பெரும்பாலும் ஓய்ந்தது; ஏறத்தாழ 800 மீற்றருக்கு மேற்பட்ட குளிர்ந்த மேட்டு நிலங்களிலோ வேரூன்றிவிட்டது. அங்கே இன்றும் ஒக்டோபர் முதல் ஏப்பிரல் வரை நோய்க்காலம் என்று மக்கள் எண்ணிவைத்திருக்கின்றனர். 2017ஆம் ஆண்டில் நேர்ந்த பெரும் பரவலில் 2000க்கு மேற்பட்டோர் நோயுற்றதாகக் கணக்கிடப்பட்டது. 200க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு நோயுற்றோருட் பெரும்பாலானவர்கள் நுரையீரற் பிளேக்குக்கு ஆளானவர்கள். தெள்ளுக் கடியாற் கிருமி உடலிற் புகுந்து நுரையீரலை அடைந்துவிட்டால், அதன்பின் தெள்ளு வேண்டுவதில்லை, இருமலே போதும்.

மனிதர் வாழாத வெளிகளிலும் இந்நோய் உறங்குகின்றது. கசகஸ்தானின் புல்வெளிகளிலே வாழும் பெரிய பாலை எலிகளிடையே பிளேக் நிலைத்துள்ளது. 1949ஆம் ஆண்டு முதல் அரை நூற்றாண்டு அளவிற் சேர்த்த கணக்குகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள், வசந்த காலத்து வெப்பநிலை ஒரு பாகை கூடினால் அவ்வெலிகளிடையே நோய் 50 சதவீதத்துக்கு மேல் உயரும் என்று 2006ஆம் ஆண்டில் அறிவித்தனர். அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்திலே, குளிர்காலத்திலும் வசந்தத்திலும் மழை வழக்கத்தினும் மிகுந்த பின்னர், மனிதரிடையே நோய் 60 சதவீதம் அதிகரித்ததாக 1999இல் ஓர் ஆய்வு காட்டியது. மழை மிகுந்தால் புல்லும் விதையும் மிகும். விதை மிகுந்தால் கொறித்துண்ணும் பிராணிகள் மிகும். அவை மிகுந்தால் தெள்ளும் மிகும். பஞ்சாபிலே வெப்பம் நோயை அடக்கியது. குளிர்நாடாகிய கசகஸ்தானிலே சிறிது வெப்பம் நோயை எழுப்புகிறது. இரண்டும் முரண் அல்ல. தெள்ளுக்கு உகந்த நடுநிலை ஒன்று உண்டு. அதனைக் கடந்த இடத்தில் வெப்பம் பகை. அதனை எட்டாத இடத்தில் வெப்பம் நட்பு. உலகம் வெப்பமடைந்து வரும் இக்காலத்தில், நோய் எல்லா இடங்களிலும் பெருகும் என்றோ எல்லா இடங்களிலும் ஒழியும் என்றோ ஒரே சொல்லில் உரைப்பது பொருந்தாது. ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

இதுகாறும் கூறியவை பெரும்பாலும் இயற்கை அமைத்த சூழல். மனிதன் அமைக்கும் சூழல் எத்துணை வலியது என்பதை மகாராட்டிரமும் குஜராத்தும் காட்டின.

1993ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் திகதி, மகாராட்டிரத்தின் இலாத்தூர்ப் பகுதியிலே கடும் நிலநடுக்கம் உண்டாயிற்று. ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். அயல் மாவட்டமாகிய பீடிலும் வீடுகள் வெடித்தன. அவற்றில் வாழ அஞ்சிய மக்கள் வெளியேறினர். விளைந்த தானியத்தையோ அந்த வீடுகளிலேயே சேமித்து வைத்தனர். ஆளற்ற வீடும் குறைவற்ற தானியமும் எலிக்கு வாய்த்தன. மறு ஆண்டு ஆவணியில், பீட் மாவட்டத்து மாம்லா என்னும் கிராமத்திலே எலிகள் செத்து விழுந்தன; தெள்ளுத் தொல்லை பொறுக்க முடியவில்லை என்று மக்கள் முறையிட்டனர். பின்னர் நெறி வீங்கிய காய்ச்சல் தோன்றியது. நிலநடுக்கம் நோயைக் கொண்டுவரவில்லை. எலியையும் தெள்ளையும் மனிதனையும் ஒரே கூரைக்கு அணித்தாகச் சேர்த்துவைத்த ஏற்பாடே அதனைக் கொண்டுவந்தது.

அடுத்த மாதம், வெள்ளத்தில் மூழ்கியெழுந்த சூரத் நகரிலே நுரையீரற் பிளேக் அறிவிக்கப்பட்டது. இலட்சக் கணக்கானோர் புகையிரதங்களிலும் பேருந்துகளிலும் ஊரை விட்டு ஓடினர். இறந்தவர்கள் ஏறத்தாழ 50 பேரே. ஆயினும் அச்சம் உலகெங்கும் பரவியது, விமானப் போக்குவரத்து நின்றது, வாணிகம் தடைப்பட்டது. அதன்பின் நடந்ததே நினைவிற் கொள்ளத்தக்கது. 1995ஆம் ஆண்டு அந்நகரின் ஆணையாளராக வந்த எஸ். ஆர். ராவ் என்பவர், குப்பையை நாள்தோறும் அகற்றவும், வடிகால்களைச் சீராக்கவும், சேரிகளுக்கு நீரும் கழிப்பறையும் வழங்கவும் ஏற்பாடு செய்தார். இரண்டு ஆண்டுகளுக்குள் இந்தியாவின் தூய நகரங்களுள் ஒன்றாகச் சூரத் பெயர் பெற்றது. சூரத்தின் வெயிலும் மழையும் முன்போலவே இருந்தன. மாந்தரும் அதே மாந்தரே. மாறியது அவர்கள் வாழ்ந்த சூழல்.

தெள்ளு கொண்டுவரும் நோய் பிளேக் ஒன்றே என்று எண்ணிவிடலாகாது. எலித்தெள்ளினால் வரும் தைபசுக் காய்ச்சல் இலங்கை உட்பட ஆசிய நாடுகள் பலவற்றில் இன்றும் உண்டு. இதிலே தெள்ளின் கடியைக் காட்டிலும் அதன் கழிவே தீயது. கடித்த இடத்தைச் சொறியும்போது கழிவிலுள்ள கிருமி கீறலின் வழியே உட்புகும். தலைவலி, காய்ச்சல், சிறு தடிப்புகள் என்று தொடங்குவதால் வேறு காய்ச்சலென மயங்குவது எளிது. அமெரிக்காவில் 1944ஆம் ஆண்டில் 5000க்கு மேற்பட்டோர் இதனால் நோயுற்றனர். எலியொழிப்பும் தெள்ளொழிப்பும் ஒருங்கே நடைபெற்றபின் ஆண்டுக்கு நூற்றுக்குக் குறைந்தவராக அத்தொகை சுருங்கியது. பின்னர், எலி குறைந்த புறநகர்களிலே, வீட்டுப் பூனையின் தெள்ளும் தோட்டத்துக்கு வந்துபோகும் ஒப்போசம் என்னும் விலங்கும் அந்நோய்க்குப் புதுவழி வகுத்துக் கொடுத்தன. சூழல் மாறினால் நோயும் தன் வழியை மாற்றிக்கொள்ளும்.

இவற்றிலிருந்து நேயர்கள் இல்லத்துக்குக் கொண்டு செல்லத்தக்க செய்திகள் சில உண்டு. எலிகள் காரணமின்றிப் பலவாகச் செத்துக் கிடப்பின், அவற்றை வெறுங்கையால் தொடாது, சுகாதார அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். மாண்ட்வியில் எவரும் செய்யாத காரியம் அதுவே. நோய் உள்ள இடத்தில் எலியை முதலிற் கொல்லுதல் பெரும் பிழை. எலி இறந்ததும் தெள்ளுகள் மனிதனை நாடும். முதலில் தெள்ளை ஒழிக்கும் மருந்து தூவி, அதன்பின்னரே எலியை ஒழித்தல் முறை. தானியத்தை எலி புகாத கொள்கலத்தில் வைப்பதும், மூடைகளைத் தரையினின்றும் உயர்த்திச் சுவரினின்றும் விலக்கி அடுக்குவதும், பரணிலும் மூலையிலும் குப்பை கூளம் சேரவிடாது காப்பதும் எளிய காரியங்களே. பிளேக் இன்று மாற்றத்தக்க நோய். ஸ்ரெப்ரோமைசின் முதலிய மருந்துகள் காலந் தாழ்த்தாது கொடுக்கப்பட்டால் பெரும்பாலானோர் பிழைப்பர். காலந் தாழ்த்தாமை என்பதே அங்கு உயிர்நிலை.

பம்பாயிலும் பூனாவிலும் அதிகாரிகள் ஏழையின் வீட்டை எரித்தார்கள். அந்த வீட்டை ஒட்டி நின்ற தானியக் கிட்டங்கியின் எலி வளைகளையோ நெடுங்காலம் எண்ணிப் பார்க்கவில்லை. அறையொன்றிற் பத்துப் பேராகப் படுத்துறங்கியது அந்த ஏழைகளின் விருப்பத்தினாலன்று. அவர்களை அங்கே நெருக்கி வைத்த வறுமையையும் வீட்டுப் பஞ்சத்தையும் மாற்றாது, அவர்களையே குற்றவாளிகளாக நிறுத்தியதால், நோய் ஒளிக்கப்பட்டது, ஒளிக்கப்பட்டதாற் பரவியது. காற்றின் வெம்மையையும் ஈரத்தையும் மாற்றுதல் மனிதனுக்கு அரிது. தானியம் எங்கே அடுக்கப்படுகிறது, அதன் அருகே எவர் உறங்குகிறார், அவ்விருவருக்கும் இடையே ஒரு நல்ல சுவர் உண்டா என்பவை மனிதனுடைய கைக்குள் அடங்கிய காரியங்கள். தெள்ளு தாவும் தூரம் மிகச் சிறியது. அந்தச் சிறு தூரத்தை விலக்கி வைக்கக் கூடிய வீட்டை எல்லோருக்கும் அமைத்துக் கொடுத்தலே இந்நோய்க்கு ஏற்ற நிலையான மருந்தாகும்.